இந்த மீன் எங்கே, என்றைக்குப் பிடிக்கப்பட்டது? கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மீன்வளத் துறை, உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலர்களுக்கும், நகராட்சி நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

நான் கடலூருக்கு அருகே ஒரு கடலோர ஊரில் பிறந்து, 1996ஆம் ஆண்டு திருமணமாகிக் கிருஷ்ணகிரிக்கு வந்தவள். பிறந்த வீட்டில் மீன் என்றால் கரைக்கு நடந்து போய், வலையிலிருந்து உதறும்போதே பார்த்துப் பொறுக்கி வாங்கி வருவது. இங்கே வந்த பிறகுதான் லாரியில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் மீனைப் பார்த்தேன். முதல் சில மாதங்கள் நான் மீனையே தொடவில்லை. பிறகு என் மாமியார் அணை மீனில் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, ராகிக் களியை உருட்டி அதில் தோய்த்துச் சாப்பிடக் கற்றுக்கொடுத்தார். இந்த மாவட்டத்து மாங்காய்க்கும் புளிக்கும் இணையாக வேறெங்கும் நான் கண்டதில்லை. அவற்றோடு சேரும் மீன் மட்டும் ஏன் நம்பி வாங்க முடியாததாக இருக்கிறது என்ற கேள்வியோடுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாக வாங்கும் இடத்தில் கானாங்கெளுத்தி வாங்கினேன். கண் குழியவில்லை, செவுள் சிவப்பாகத்தான் இருந்தது, வாடையும் இல்லை. குழம்பு வைத்துச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்திற்குள் என் மாமியாருக்கும் இளைய மகனுக்கும் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, தலைவலியும் படபடப்பும் வந்தன. இது ஒவ்வாமை அல்ல, மீனிலேயே உண்டான ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளின் வேலை என்று மருத்துவர் விளக்கினார். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்கள் பிடிபட்ட பிறகு சில மணி நேரம் வெப்பத்தில் கிடந்துவிட்டால், பாக்டீரியாக்கள் அவற்றின் சதையில் இந்தப் பொருளை உண்டாக்கிவிடுகின்றன. பிறகு எத்தனை ஐஸில் வைத்தாலும் அது போகாது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. கண்ணுக்கும் மூக்குக்கும் பெரும்பாலும் புலப்படாது.

பிறந்ததிலிருந்து மீன் பார்த்து வாங்கிப் பழகிய எனக்கே அன்றைக்குத் தெரியவில்லை. என் மாமியாருக்கு வயது எழுபத்தெட்டு. அந்த இரண்டு மணி நேரம் நான் பட்ட பாட்டை இங்கே விவரிக்கப் போவதில்லை. மறுவாரம் மீன் விற்ற அந்த அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னபோது அவர் கலங்கிப் போய்ப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார், நான் வாங்கிக்கொள்ளவில்லை. "எப்போ பிடிச்ச மீனுக்கா அது?" என்று மட்டும் கேட்டேன். "எனக்கு எங்க தெரியும்மா, விடியக்காலம் நாலு மணிக்கு லோடு வந்துச்சு, இருட்டுல பெட்டிய எடுத்துட்டு வந்தேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்த மடலின் முதன்மையான கோரிக்கை அந்தப் பதிலிலிருந்தே பிறக்கிறது. நம் ஊர்ச் சந்தையில் "இன்னைக்கு வந்த மீன்" என்று சொன்னால், இன்றைக்கு லாரியிலிருந்து இறங்கிய மீன் என்றே பொருள். அது என்றைக்கு நீரிலிருந்து வெளியே வந்தது என்பது வேறு கணக்கு. சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 260 கிலோமீட்டர். கடலூரிலிருந்து ஏறத்தாழ 200. மங்களூரிலிருந்து 400க்கும் மேல். தொலைவைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் நான்கு வழிச் சாலையில் ஓர் இரவில் வந்துவிடலாம். ஆனால் ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகு ஒரு வாரமோ பத்து நாளோ கடலிலேயே தங்கி மீன் பிடித்துவிட்டுத்தான் துறைமுகத்துக்குத் திரும்புகிறது. முதல் நாள் வலையில் விழுந்த மீனும் கடைசி நாள் விழுந்த மீனும் ஒரே விடியலில் ஏலம் போய், ஒரே லாரியில் ஏறி, ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து படுக்கின்றன. இரண்டுக்கும் ஒரே விலை. இரண்டும் "இன்னைக்கு வந்தது".

ஆகவே மீன் விற்கும் ஒவ்வொரு கடையிலும் ஒரு சிறு கரும்பலகை வைக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் மீனின் பெயர், அது கடல் மீனா, அணை மீனா, பண்ணைக்குட்டை மீனா என்ற விவரம், எந்தத் துறைமுகம் அல்லது எந்த நீர்நிலை, கரைக்கு வந்த நாள், நம் ஊருக்கு வந்த நாள், முன்பு உறைய வைத்ததா இல்லையா என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். விற்கும் பெண்கள் மேல் இந்தச் சுமையை ஏற்றினால் பயன் இல்லை. லாரியில் கொண்டுவரும் மொத்த வியாபாரி, பெட்டியோடு இந்த விவரம் எழுதிய சீட்டைக் கட்டாயம் கொடுக்க வேண்டும்; கொடுக்காவிட்டால் அபராதம் அவருக்கே விதிக்கப்பட வேண்டும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி, உணவுப்பொருள் யாரிடமிருந்து வாங்கப்பட்டது என்பதைக் காட்ட வேண்டிய கடமை வணிகர் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. நான் கேட்பது அந்தக் கடமையின் நீட்சிதான்.

முன்பு உறைய வைத்ததா என்பதை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மேற்குக் கடற்கரையில் ஜூன் மாதத் தொடக்கத்தில் தடைக்காலம் வந்து ஜூலை முடிய நீடிக்கிறது. அதனால் ஜூன் முதல் பாதியில் இரண்டு கரைகளிலும் பெரும் படகுகள் பெரும்பாலும் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் சிறு படகுகளிலும் கட்டுமரங்களிலும் கிடைக்கும் மீன் கடலோர ஊர்களுக்கே போதாது. அப்படியிருக்க நம் ஊர்ப் பலகையில் முழங்கை நீள வஞ்சிரம் வரிசையாகக் கிடக்கிறது என்றால், அது குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும். முறையாக உறைய வைத்த மீன் கெட்ட மீன் அல்ல; அதை நான் மனமறிந்து வாங்கிச் சமைப்பேன். ஆனால் உறைந்ததை இளக்கிப் புதிய மீன் என்று விற்பதும், மாலையில் மிஞ்சியதை மீண்டும் உறைய வைத்து மறுநாள் இளக்குவதும் வாங்குபவரை ஏமாற்றுவதாகும். இப்படி இருமுறை உறைந்து இளகிய மீனின் சதை எலும்பை விட்டுக் கழன்று, கொதியில் கரைந்துபோகும். குழம்பில் துண்டு தேடி ஏமாந்த இல்லத்தரசிகள் இந்த ஊரில் ஏராளம்.

இங்கே நான் வாங்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இதில் எது வரை வாடிக்கையாளரின் கையில் இருக்கிறது, எங்கிருந்து உங்கள் பொறுப்பு தொடங்குகிறது என்பது அப்போதுதான் தெளிவாகும். முதலில் மீனைத் தலையைப் பிடித்துத் தூக்குவேன். உடம்பு விறைப்பாக நின்றால் புதியது, துணி போல் தொங்கினால் பழையது. விரலால் சதையை அழுத்துவேன். பள்ளம் உடனே மேலெழும்ப வேண்டும். வயிறு உப்பியோ கிழிந்தோ இருக்கக் கூடாது, ஏனென்றால் மீன் முதலில் கெடுவது குடலில்தான். செவுளைத் திறந்து நிறத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் முகர்ந்தும் பார்ப்பேன். கடல் மீனில் பாசியும் உப்புக்காற்றும் கலந்த மணம் வர வேண்டும். அணை மீனில் சற்றே சேற்று மணம் இருக்கலாம், அது கெட்டதன் அடையாளம் அல்ல. மூக்கில் சுருக்கென்று ஏறும் நெடி அடித்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். இறாலில் தலை தளர்ந்து ஆடக் கூடாது. கணவாயின் தோல் கிழிந்து, சதை இளஞ்சிவப்பாக மாறியிருக்கக் கூடாது. வெட்டித் துண்டாக வைத்திருப்பதை ஒருபோதும் வாங்க மாட்டேன். முழு மீனைக் காட்டச் சொல்லி, என் கண் முன்னே செதில் சீவி வெட்டச் சொல்வேன்.

இவ்வளவும் செய்து பார்த்துத்தான் அந்தக் கானாங்கெளுத்தியையும் வாங்கினேன். எங்கள் கண்ணும் மூக்கும் ஓர் எல்லை வரைதான் காக்கும். அதற்கு அப்பால் காக்க வேண்டியவை ஐஸும் ஆய்வுக்கூடமும்.

ஐஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மீனுக்கும் கெட்ட மீனுக்கும் இடையில் நிற்பது பெரும்பாலும் அது ஒன்றுதான். நம் நாட்டு வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது எடுத்துச் செல்லும்போது கடைப்பிடிக்க வேண்டிய அளவு. ஐஸைப் பொடித்து, பெட்டியின் அடியில் ஓர் அடுக்கு, மீன், மேலே ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் பரப்ப வேண்டும். உருகும் நீர் அடியில் தேங்காமல் வடிய வேண்டும். நம் சந்தைகளில் நடப்பது என்ன? பலகையில் குவித்த மீனின் மேல் ஒரு கைப்பிடி ஐஸைத் தூவுகிறார்கள். கீழே இருக்கும் மீன் வெதுவெதுப்பான, இரத்தம் கலந்த நீரில் ஊறுகிறது. காலை ஆறு மணிக்கு நன்றாக இருந்த மீன் பதினொரு மணிக்கு அங்கேயே கெட்டுப்போகிறது. விற்பவர்களைக் கேட்டால், ஐஸ் கட்டியை வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்கிச் சுமந்து வர வேண்டியிருக்கிறது, அன்றைய லாபத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடுகிறது என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

எனவே மீன் விற்கும் இடத்திலேயே, குடிநீரில் தயாரித்த ஐஸ் குறைந்த விலையில் கிடைக்க நகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். சாய்வாக அமைந்த, நீர் வடியும் மேடைகளும், கழுவ ஓடும் நீரும், மூடிய கழிவுநீர்க் கால்வாயும் வேண்டும். 2020ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீன் விற்பனைக் கடைகளுக்கும், ஐஸ் பெட்டி பொருத்திய இருசக்கர வாகனங்களுக்கும், குளிர்பதன வண்டிகளுக்கும் மானியம் உண்டு. பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் கிடைக்கும். நம் சந்தையில் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் கேட்ட நான்கு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைத் தேடிப் போய் விண்ணப்பம் எழுதி வாங்குவது மீன்வளத் துறை அலுவலர்களின் வேலையாக இருக்க வேண்டும். பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மீன்வளர்ப்பு மையம் இருக்கிறது. அங்குள்ள வல்லுநர்களைக் கொண்டு அரை நாள் பயிற்சி கொடுத்தாலே ஐஸ் பரப்பும் முறை மாறிவிடும்.

ஃபார்மலின் பற்றியும் எழுதாமல் இருக்க முடியாது. ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருளை நீரில் கரைத்தது அது; பிணங்களைக் கெடாமல் வைக்கப் பயன்படுவது. 2018ஆம் ஆண்டு கேரளத்தில் 'சாகர் ராணி' என்ற பெயரில் சோதனைச் சாவடிகளில் லாரிகளை நிறுத்திச் சோதித்தபோது ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்டது. அந்தச் செய்திக்குப் பிறகு மாதக்கணக்கில் நம் ஊரிலும் மீன் வியாபாரம் படுத்துவிட்டது. தவறே செய்யாத சிறு வியாபாரிகள்தான் அதில் அதிகம் இழந்தார்கள். ஈ மொய்க்காத மீன் சுத்தமானது என்று நம்மில் பலர் இன்றும் நம்புகிறார்கள்; திறந்த வெளியில் கிடக்கும் மீனை ஒரு ஈகூட அண்டவில்லை என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும். அதே வேளையில், சில கடல் மீன்களில் இறந்த பிறகு இயற்கையாகவே சிறிதளவு ஃபார்மால்டிஹைடு உண்டாவதும் உண்மை. ஆகவே வதந்தியாலும் ஊகத்தாலும் இதைத் தீர்க்க முடியாது, சோதனையால் மட்டுமே முடியும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மீனின் மேல் தேய்த்துச் சில நிமிடங்களில் ஃபார்மலினையும் அம்மோனியாவையும் கண்டறியும் காகிதப் பட்டைகளை உருவாக்கியிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் இவற்றோடு வர வேண்டிய நேரம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, லாரியிலிருந்து பெட்டி இறங்கும் வேளை. புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து, மிஞ்சிய நாலு மீனைப் பார்த்துவிட்டுப் போவதால் யாருக்கும் பயன் இல்லை. சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் மூன்றும் சந்திக்கும் ஊர் இது. லாரிகளை நிறுத்திச் சோதிக்க இதைவிட வாய்ப்பான இடம் கிடையாது. ஹிஸ்டமினுக்கு ஆய்வுக்கூடச் சோதனைதான் வேண்டும் என்பதால், கோடை மாதங்களிலாவது கானாங்கெளுத்தி, சூரை, மத்தி மாதிரிகளை எடுத்து அனுப்ப வேண்டும். முடிவு எதுவானாலும் அதைச் சந்தையின் நுழைவாயிலில் எழுதி ஒட்ட வேண்டும். நன்றாக இருக்கிறது என்று வந்தால் அதுவே வியாபாரிகளுக்குப் பெரிய விளம்பரம்.

இனி நம் அணை மீனுக்கு வருகிறேன். கடல் மீனுக்காக 260 கிலோமீட்டர் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் தென்பெண்ணையின் குறுக்கே கிருஷ்ணகிரி அணை இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால், கெண்டை, ஜிலேபி என்று விடியலில் வலை எடுக்கிறார்கள். அணைக்குச் சுற்றுலா வருபவர்கள் மசாலா தடவிப் பொரித்த மீனை வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுவது ஊரறிந்தது. ஆனால் நகரத்துச் சந்தையில் காலை ஏழு மணிக்கு, இன்று விடியலில் அணையில் பிடித்தது என்று உறுதியாகச் சொல்லி விற்கும் ஒரு கடையை நான் கண்டதில்லை. தருமபுரி மாவட்டத்திலும் ஒகேனக்கல்லையும் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல்பகுதியையும் ஒட்டிய ஊர்களில் காவிரி மீன் கிடைக்கிறது. தருமபுரி நகரத்தில் அதைத் தேடி வாங்கும் என் நாத்தனாரும் இதே குறையைத்தான் சொல்கிறார். அணையில் மீன் பிடிப்பவர்கள் நேரடியாக விற்க நகரத்தில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள். கடலில் தடைக்காலம் இருக்கும் அந்த இரண்டு மாதங்களிலாவது தொடங்குங்கள். இரவில் போட்ட வலையில் விழுந்து செத்த மீன் வெயில் ஏறும் வரை நீரிலேயே கிடந்தால் அதுவும் கெட்டுப்போகும் என்பதால், விடியலிலேயே வலையை எடுத்து, படகிலேயே ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவரும்படி அவர்களுக்கும் ஐஸ் பெட்டி கொடுக்க வேண்டும்.

இதில் வேறொரு கவலையும் எனக்கு இருக்கிறது. பெங்களூரு நகரக் கழிவுகள் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை மலை போல் பொங்குவதைப் பலமுறை பார்த்துவிட்டோம். அதே ஆறுதான் கீழே வந்து கிருஷ்ணகிரி அணையை நிரப்புகிறது. நீரின் தரத்தைச் சோதிக்கிறீர்கள். அந்த நீரில் வளரும் மீனின் சதையில் ஈயமும் பாதரசமும் காட்மியமும் எந்த அளவில் இருக்கின்றன என்பதையும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது சோதித்து மக்களுக்குச் சொல்லுங்கள். சொந்த ஊர் மீனைச் சாப்பிடுங்கள் என்று பிள்ளைகளிடம் நான் நெஞ்சறிந்து சொல்ல வேண்டுமானால் எனக்கு அந்த அறிக்கை வேண்டும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை இந்தியாவில் வளர்ப்பதற்கு 2000ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. கோழிக்கழிவையும் இறைச்சிக்கழிவையும் போட்டு வளர்க்கப்பட்ட குட்டைகளை நம் மாவட்டத்தில் அதிகாரிகள் அழித்த செய்திகளைப் படித்திருக்கிறோம், அதற்கு நன்றி. ஆனால் அந்த மீன் நீரில்லாமலும் நெடுநேரம் உயிரோடு இருக்கக் கூடியது. தொட்டியில் துள்ளுவதைப் பார்த்து, இதைவிடப் புதிய மீன் உண்டா என்று மக்கள் வாங்கிவிடுகிறார்கள். விராலும் அப்படி உயிரோடு விற்கப்படுவதுதான். விராலுக்குச் செதில் உண்டு, மீசை இல்லை. கெளுத்திக்குச் செதில் இல்லை, நீண்ட மீசை உண்டு. தோலுரித்துத் துண்டு போட்டுவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். ஆகவே தலையும் தோலும் நீக்கிய நன்னீர் மீன் துண்டுகளைச் சந்தையில் விற்பதைத் தடை செய்யுங்கள். இரண்டு மீன்களின் படத்தையும் பெரிதாக அச்சிட்டு ஒட்டுங்கள்.

இத்தனையும் ஒரே மாதத்தில் ஆகாது என்பதை அறிவேன். மேடைக்கும் கால்வாய்க்கும் நிதி வர வேண்டும், ஒப்பந்தம் விட வேண்டும். கரும்பலகைக்கும் சீட்டுக்கும் அவை எதுவும் தேவையில்லை. ஓர் ஆணையும், இரண்டு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நேர்முக ஆய்வும் போதும். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையிலும் கிருஷ்ணகிரி நகரத்திலும் முதலில் தொடங்கலாம். ஆய்வுக்கு வரும் நாளில் வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் உடனிருப்பது உதவும் என்று நினைத்தால், நான் வரத் தயாராக இருக்கிறேன். எனக்கு மீன் வாங்கும் நாளில் நாலரை மணிக்கே எழுந்துதான் பழக்கம்.

இங்ஙனம்,
கிருஷ்ணகிரியில் வசிக்கும் ஓர் இல்லத்தரசி